மிக் 21 விடைபெற ஏன் 62 ஆண்டுகள் ஆயின?

2025 செப்டம்பர் 25ஆம் தேதி, உள்நாட்டில் உருவான 97 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்கள் வாங்க, அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லுடன் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 62,370 கோடி ரூபாய்க்கு மேல். மறுநாள், 26ஆம் தேதி, சண்டிகர் விமானப்படைத் தளத்தில் சோவியத் வடிவமைப்பில் வந்த மிக் 21 போர் விமானத்துக்குப் பிரியாவிடை விழா நடந்தது. அந்த ஒப்பந்தத்தின் முதல் விமானம் 2027-28இல்தான் வரும். மிக் 21க்குப் பதிலாக உருவாக்கப்பட்ட தேஜஸுக்கு அரசு பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மிக் 21 கிளம்பிவிட்டது. அதுவும், போக வேண்டிய காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து.

விழா நன்றாகவே நடந்தது. விமானப்படைத் தளபதி ஏர் சீஃப் மார்ஷல் ஏ.பி. சிங் தானே ஒரு மிக் 21ஐ ஓட்டினார். தேஜஸும் ஜாகுவாரும் உடன் பறந்தன. இறங்கிய விமானங்களுக்கு இருபுறமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். கடைசியில் 'ஃபார்ம் 700' என்ற பதிவேட்டைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் இப்படி ஒரு பதிவேடு உண்டு. என்ன பழுது வந்தது, என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். பறக்கத் தகுதியானது என்று தரைப் பணியாளர்கள் கையெழுத்திட வேண்டும். அதைப் படித்துப் பார்த்து, விமானத்தைப் பெற்றுக்கொண்டதாக விமானியும் கையெழுத்திட வேண்டும். அப்புறம்தான் ஏணியில் ஏறுவார். ஒருவர் வேலையை நம்பி இன்னொருவர் உயிரை வைக்கும் இடம் அந்தப் பக்கம்.

மிக் 21இன் கதையைப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு குரல்கள்தான் கேட்கும். வீரக் கதை ஒன்று. விபத்துகளால் வந்த 'பறக்கும் சவப்பெட்டி' என்ற வசை இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது டெல்லியில் கோப்புகள் நகர்ந்த வேகம். மிக் 21 மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி, முடிவெடுக்கத் தாமதித்தவர்கள் சுமக்க வேண்டியது. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

எதற்காக வாங்கினோம்

1960களின் தொடக்கத்தில் பாகிஸ்தானுக்கு அமெரிக்கா எஃப் 104 ஸ்டார்ஃபைட்டர் கொடுத்தது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். நம்மிடம் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. மேற்கத்திய விமானங்களையும் பார்த்துவிட்டு, 1962இல் இந்தியா சோவியத் யூனியன் பக்கம் சாய்ந்தது. காரணம், விமானத்தோடு சேர்த்து அதை இங்கேயே தயாரிக்கும் உரிமையையும் மாஸ்கோ தர முன்வந்ததுதான். 1963இல் சண்டிகரில் 28ஆம் ஸ்க்வாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவு இதற்காகவே உருவானது. அதன் முதல் தளபதி விங் கமாண்டர் தில்பாக் சிங், பின்னாளில் விமானப்படைத் தலைமைக்கே வந்தார்.

விமான உடலுக்கு நாசிக், என்ஜினுக்கு ஒடிசாவின் கோராபுட், மின்னணுக் கருவிகளுக்கு ஹைதராபாத் என மூன்று ஊர்களில் எச்ஏஎல் தொழிற்சாலைகள் எழுந்தன. மொத்தம் 870க்கும் மேற்பட்ட மிக் 21கள் நம் படையில் சேர்ந்தன. அவற்றில் 600க்கும் மேல் இங்கே செய்தவை. ஒரு தலைமுறைப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஜெட் விமானம் கட்டக் கற்றுக்கொண்டது இந்த விமானத்தில்தான். பிரியாவிடைப் பேச்சுகளில் விமானிகளுக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

இது எதற்காகச் செய்யப்பட்ட விமானம் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மிக உயரத்தில் வரும் எதிரிக் குண்டுவீச்சு விமானத்தை நோக்கிச் சட்டென்று மேலே ஏறி, ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்காகச் செய்தது. மெல்லிய உடல், ஒற்றை என்ஜின், சிறிய முக்கோண இறக்கை, குறைவான எரிபொருள். தொடக்கத்தில் நம்மிடம் வந்த எஃப்எல் ரகத்தில் பீரங்கிகூட உள்ளே கிடையாது. ஏவுகணை போதும் என்று அன்றைய வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள். 1965 போர் அனுபவத்துக்குப் பிறகு, வயிற்றுக்கு அடியில் தனிக் கூடாக ஒரு பீரங்கியை மாட்டினோம்.

சரி, அப்படிப்பட்ட விமானத்தை நாம் என்னென்ன வேலைக்கு இழுத்தோம் என்று பாருங்கள்.

டாக்கா, 1971

1971 டிசம்பர் 14. கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநர் ஏ.எம். மாலிக் டாக்காவில் ஒரு முக்கியக் கூட்டம் கூட்டப் போகிறார் என்று வானொலிச் செய்தியை இடைமறித்ததில் தெரிய வந்தது. குவஹாத்தியில் இருந்த 28ஆம் ஸ்க்வாட்ரனுக்கு உத்தரவு போனது. தலைமை ஏற்றவர் விங் கமாண்டர் பி.கே. பிஷ்ணோய். அவர் கையில் கிடைத்த வழிகாட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கான டாக்கா வரைபடம். புறப்படும் தறுவாயில் இலக்கே மாறியது. சர்க்யூட் ஹவுஸ் என்ற அரசு விருந்தினர் மாளிகை இல்லை, ஆளுநர் மாளிகை என்று தகவல் வந்தது. நகரத்தின் மேல் வந்த பிறகு, அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மாளிகையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நான்கு மிக் 21களும் ராக்கெட்டுகளைப் பொழிந்தன. ஆளுநர் அன்றைக்கே பதவி விலகினார். இரண்டு நாள் கழித்து டாக்கா சரணடைந்தது.

இந்தச் சம்பவத்தைப் பெருமையாகச் சொல்வது வழக்கம், பெருமைக்குரியதுதான். ஆனால் ஆய்வுக்குத் தேவையான செய்தி வேறு. வானில் எதிரியை மறிக்கச் செய்த விமானம், தரை இலக்கைத் தாக்கியது. ஓடுதளங்களில் குண்டு போட்டது. அதே போரில், டிசம்பர் 12ஆம் தேதி ஜாம்நகர் அருகே, தன் அசல் வேலையையும் செய்தது; ஃப்ளைட் லெப்டினன்ட் பி.பி. சோனி ஓட்டிய மிக் 21 ஒரு ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டு வீழ்த்தியது. எதைக் கொடுத்தாலும் செய்கிறது என்ற நம்பிக்கை அப்போதிலிருந்து வேரூன்றியது. மலிவாகவும் இருந்தது, எண்ணிக்கையும் நிறைய. ஆகவே எல்லா வேலையும் அதன் தலையில் விழுந்தது. அவற்றில் ஒன்று, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாதது.

பயிற்சி விமானம் இல்லாத 26 ஆண்டுகள்

பயிற்சி முடிக்கும் இளம் விமானி கிரண், இஸ்க்ரா போன்ற மெதுவான ஜெட்டுகளில் பறந்து பழகியிருப்பார். அங்கிருந்து நேராக மிக் 21.

இறங்குவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். முக்கோணச் சிறு இறக்கை குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்காது. அதனால் ஓடுதளத்தை நோக்கி மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வர வேண்டும். மூக்கு மேலே தூக்கியபடி வருவதால், எங்கே இறங்கப் போகிறாரோ அந்த இடத்தையே விமானியால் சரியாகப் பார்க்க முடியாது. என்ஜின் விசையைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் மெல்லச் சரியாது, பொத்தென்று கீழே இறங்கும். திரும்ப விசையைக் கூட்டினாலும் அந்தப் பழைய என்ஜின் முழு வேகம் எடுக்கச் சில நொடிகள் ஆகும். தரைக்கு அருகில் அந்த நொடிகள் கையில் இருக்காது. சக்கரம் தரையைத் தொட்டதும் வாலிலிருந்து பாராசூட்டை விரிக்க வேண்டும், இல்லையென்றால் ஓடுதளம் போதாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், பக்கத்தில் யாரும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டும். தவறைத் திருத்திக்கொள்ளும் அவகாசம் தருகிற, வேகத்தில் நடுத்தரமான ஒரு ஜெட் இடையில் இருந்திருக்க வேண்டும். நம்மிடம் இல்லை.

இது தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. 1982இலேயே ஏர் மார்ஷல் லா ஃபோன்டேன் தலைமையிலான குழு, உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. 1997இல் போர் விமான விபத்துகளை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர், அப்போது பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம். குழுக்களுக்குக் குறைவே இல்லை. பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்துக்கான ஒப்பந்தம் 2004 மார்ச்சில் கையெழுத்தானது. 2008 பிப்ரவரியில் பீதரில் அது முறைப்படி சேவையில் சேர்ந்தது.

1982இலிருந்து 2008 வரை கணக்குப் போடுங்கள். பரிந்துரை வந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, விமானப்படையில் சேர்ந்து, மிக் 21 ஓட்டும் வயதையும் தாண்டியிருக்கும். இடையில் வந்த பல பேட்ச் விமானிகள் அசாமின் தேஜ்பூரில் மிக் 21 எஃப்எல்லிலேயே போர் விமானம் ஓட்டக் கற்றார்கள். எத்தனை அரசுகள் மாறின, எத்தனை அமைச்சர்கள் வந்து போனார்கள். விலை அதிகம், அவசரமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றே போனது. மகனைப் பறிகொடுத்த தாய் தந்தையர் கேட்ட கேள்விக்கு 'விமானி செய்த பிழை' என்ற பதில் வந்தது. பிழை விமானியுடையதாகவே இருக்கட்டும். அந்தப் பிழையைச் செய்து, உயிரோடு திரும்பி வந்து, கற்றுக்கொள்ள ஒரு விமானம் வாங்கித் தராதது யார்?

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் ஒரு கணக்கு கொடுத்தார். வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின. 171 விமானிகள் இறந்தார்கள். பொதுமக்கள் 39 பேர். சேவையில் இருந்த மற்றவர்கள் சிலரும் இறந்தார்கள்.

பாதிக்கும் மேல் போய்விட்டது என்றால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனாலும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1962இல் நாம் அஞ்சிய அதே ஸ்டார்ஃபைட்டரை மேற்கு ஜெர்மனி 916 வாங்கியது. 292 விழுந்தன, 116 விமானிகள் இறந்தார்கள். அந்தத் தலைமுறை விமானங்களே அப்படித்தான்: வேகத்துக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவை. ஜெர்மனி அதை 1991க்குள் முழுதாகக் கைவிட்டது. நாம் அதற்குப் பிறகும் மூன்று பத்தாண்டுகள் ஓட்டினோம்.

1991 நமக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். சோவியத் யூனியன் உடைந்தது. உதிரி பாகம் ஒரே கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் கிழக்கு ஐரோப்பா முழுக்க அலைய வேண்டியதாயிற்று. தரம் கலந்து வந்தது என்ற புகார்கள் அந்தக் காலத்தவை.

நம் சொந்த வீட்டுக் குறையும் உண்டு. 2005 ஜனவரியில் ராஜஸ்தானில் ஒரு மிக் 21, மேலெழுந்த கொஞ்ச நேரத்தில் தீப்பிடித்து விழுந்தது. கீழே ஊர் இருந்ததால் உடனே குதிக்காமல், விமானத்தைத் தள்ளிக் கொண்டுபோன பிறகே விமானி வெளியேறினார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, மறுபடி போர் விமானம் ஓட்ட முடியாமல் போனது. என்ஜினுக்குக் கூடுதல் விசை தரும் ஆஃப்டர்பர்னர் பகுதியின் தயாரிப்புக் குறைதான் காரணம் என்று அவருக்குத் தெரிய வந்தபோது அவர் நீதிமன்றம் போனார். 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் 55 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெரும்பங்கைத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் தர வேண்டும் என்றது. பணத்தைவிட, பழுதில்லாத விமானத்தைப் பெறும் உரிமை படைவீரருக்கும் உண்டு என்ற அடிப்படையில் தீர்ப்பு வந்ததுதான் பெரிய விஷயம். ஃபார்ம் 700இல் அவர் கையெழுத்துப் போட்டபோது, அந்தக் குறை எந்தக் கண்ணுக்கும் படாத இடத்தில் இருந்தது.

தற்காலிக ஏற்பாடு

மிக் 21க்கு மாற்றாக இலகுரகப் போர் விமானம் ஒன்றை நாமே செய்வது என்று 1983இல் முடிவானது. அது முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. தேஜஸ் என்ற பெயரில் படையில் சேர்ந்தது 2016 ஜூலை 1. இந்த 33 ஆண்டுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வந்த தடைகள், நாமே செய்ய முயன்று கைகூடாமல் போன காவேரி என்ஜின் என்று நியாயமான காரணங்கள் பல உண்டு. தேஜஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தேஜஸ் தாமதமாகிறது என்று தெரிந்த பிறகும், இடைப்பட்ட காலத்துக்குப் போதுமான எண்ணிக்கையில் வேறொன்றை வாங்காமல் விட்டதற்கு அப்படி ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் பைசன் வந்தது. மிக் 21இன் பிந்தைய ரகமான பிஸ் விமானங்கள் 125க்குப் புது ரேடார், புது ஏவுகணைகள், புதுக் கருவிகள். 1996இல் ஒப்பந்தம். பைசன் கெட்டிக்கார விமானம்தான். 2004இல் குவாலியரில் அமெரிக்க எஃப் 15களோடு நடந்த கூட்டுப் பயிற்சியில் பைசனும் இருந்தது. அங்கே நம் விமானிகள் காட்டிய திறமை அமெரிக்கர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் ரேடாரை மாற்றலாம், உடலின் வயதை மாற்ற முடியாது. இறங்கும் வேகமும் ஒற்றை என்ஜினும் அப்படியேதான் இருந்தன. சில ஆண்டுகளுக்கான ஏற்பாடு கால் நூற்றாண்டு ஓடியது.

2019 பிப்ரவரி 27ஆம் தேதி காலை, ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய 51ஆம் ஸ்க்வாட்ரன் பைசன் ஒன்றில் இருந்தவர் சென்னையைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான். அவர் தந்தை எஸ். வர்தமானும் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர். அன்றைய மோதலில் அபிநந்தன் ஒரு எஃப் 16ஐ வீழ்த்தினார் என்பது இந்திய விமானப்படையின் நிலைப்பாடு, பாகிஸ்தான் மறுக்கிறது. அவருடைய விமானம் அடிபட்டு அவர் பிடிபட்டதும், மார்ச் 1ஆம் தேதி வாகா வழியாக நடந்து வந்ததும் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது. அந்த மூன்று நாள் பதற்றத்தில் நாம் கேட்க மறந்த ஒரு கேள்வி உண்டு: 2019இல், நாட்டின் மிகச் சூடான எல்லையில், எஃப் 16களை எதிர்கொள்ள மேலே அனுப்ப நம்மிடம் அதுதான் இருந்ததா?

அப்புறமும் ஆறரை ஆண்டுகள் அது பறந்தது. 2022 ஜூலையில் பார்மேர் அருகே பயிற்சி மிக் 21 விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். 2023 மே 8ஆம் தேதி ஹனுமான்கர் மாவட்டத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்களுக்கும் எந்தப் போருக்கும் சம்பந்தம் இல்லை.

போன பிறகு

கடைசியாக மிக் 21 வைத்திருந்தவை 3ஆம், 23ஆம் ஸ்க்வாட்ரன்கள்; இரண்டும் பிகானேர் அருகே நால் தளத்தில். அவை விலகியதும் விமானப்படையின் போர் ஸ்க்வாட்ரன் எண்ணிக்கை 29 ஆனது. இருக்க வேண்டியது 42. மிக் 21ஐ இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாமே என்பதற்கு இந்த எண்ணைக் காட்டுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காகிதத்தில் ஸ்க்வாட்ரனைக் காட்டுவதற்காக ஒரு மனிதரை அதில் உட்கார வைத்தது போதும்.

தேஜஸின் முதல் ஸ்க்வாட்ரன் 45. ஒரு காலத்தில் நலியாவில் மிக் 21 பிஸ் ஓட்டிய ஸ்க்வாட்ரன். 1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் கண்காணிப்பு விமானத்தை வீழ்த்தியதும் அதுதான். 2018இல் அது கோவைப் பக்கம் சூலூருக்கு வந்தது. 2020இல் 18ஆம் ஸ்க்வாட்ரனும் அங்கேயே தேஜஸுடன் சேர்ந்தது. ஆனால் 2021இல் ஆர்டர் போட்ட 83 மார்க் 1ஏ விமானங்கள் அமெரிக்க ஜிஇ நிறுவனத்தின் என்ஜினுக்காகக் காத்திருந்ததில் கால அட்டவணை மீண்டும் நழுவியது.

இதில் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சண்டிகர் விழாவில் மிக் 21உடன் பறந்ததே, ஜாகுவார். அது நம்மிடம் வந்தது 1979இல். அதைச் செய்த பிரிட்டனும் பிரான்சும் எப்போதோ நிறுத்திவிட்டன. இன்று உலகத்தில் அதை ஓட்டும் ஒரே நாடு இந்தியா. எடைக்கு ஏற்ற விசை என்ஜினில் இல்லை என்ற குறை பழையது. புது என்ஜின் மாட்டும் திட்டம் பல ஆண்டுகள் பேச்சில் இருந்து, செலவு அதிகம் என்று 2019இல் கைவிடப்பட்டது. 2025இல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை என மூன்று ஜாகுவார்கள் விழுந்தன. ஜாம்நகரில் ஒருவர், சூருவில் இருவர் என மூன்று விமானிகள் இறந்தார்கள். ஜாகுவாரின் இடத்துக்கு எந்த விமானம், எந்த ஆண்டில், எத்தனை என்று நாடாளுமன்றத்தில் இப்போதே கேட்டு, பதிலைத் தேதியோடு வாங்கி வைக்க வேண்டும். பயிற்சி ஜெட் கேட்ட 1982 அறிக்கைக்கு அப்படி ஒரு தேதியை யாரும் கேட்டு வாங்கவில்லை.